ஒரு கோடு, ஒரு இடைவெளி

ஒரு தொழிற்சாலையின் டிரெயினி வேலைக்கு வந்த விண்ணப்பங்களில், போன் நம்பர் சரியா என்று பார்க்கும் ரெஜெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் விதியை எங்கள் ஹெப்பாள் ஆபீசில் நான்தான் எழுதினேன். மூன்று இலக்கம், மூன்று, நான்கு. நடுவே கோடு போட்டாலும் இடம் விட்டாலும் ஏற்றுக்கொள்ளும்.

டீம் லீட் முரளிதரனுக்குப் பிடிக்கவில்லை. "முதல்ல கோடுன்னா அடுத்ததும் கோடுதான் மாதேவி. நம்பரையே ஒழுங்கா எழுதத் தெரியாதவன் மெஷின்ல என்ன கிழிப்பான்? கன்சிஸ்டென்சி வேணும், அஷ்டே, அவ்வளவுதான்."

இரண்டாவது இடத்தில் \1 என்று மாற்றினேன். முதலில் எது வந்ததோ அதையே திரும்பக் கேட்கும் குறி அது. கலந்து எழுதியவர்கள் எல்லாம் வெளியே. அவர்களுக்கு ஒரு செய்திகூடப் போகாது.

என் தம்பி சீனுவும் வெளியே. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். அவன் எழுதிய நம்பரில் முதலில் கோடு, அடுத்தது இடைவெளி.

"பத்து இலக்கமும் சரியாத்தானே இருக்கு சார்? கூப்பிட்டா மணி அடிக்கும்."

"உன் தம்பிங்கறதுக்காக ரூலை மாத்துவாங்களா?"

பட்டியல் மூடும் நாளில் அவரே என் மேசைக்கு ஓடிவந்தார். தொழிற்சாலை மேனேஜரின் அக்கா மகன் தீபக்கின் பெயர் வரவில்லையாம். தேடினேன். அவனும் கலந்துதான் எழுதியிருந்தான்.

"அந்த \1-ஐ எடுத்துடறேன் சார். எல்லாரும் உள்ள வந்துருவாங்க."

"எல்லாரும் எதுக்கு? தள்ளு."

என் கீபோர்டை இழுத்து, தீபக் நம்பரில் இருந்த இடைவெளியை அழித்துக் கோடு போட்டார். ரூல் அப்படியே இருந்தது. தீபக் உள்ளே.

"சீனுவோடதுலயும் அதே மாதிரி ஒரு கோடு சார்."

"அது டேட்டாவைத் திருத்தறதும்மா. தப்பு."

"அப்ப நீங்க இப்பப் பண்ணது?"

"நீ இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கே. ஞாபகம் வச்சுக்கோ." பட்டியலைப் பூட்டி அனுப்பிவிட்டுப் போனார்.

கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. சீனு.

"அக்கா, லிஸ்ட்ல இருக்கனா? மேஸ்திரி நாளைக்கு வரச் சொல்றாரு. வரலீன்னு சொல்லிரட்டா?"

"வேலைக்குப் போடா."

"ஏன், நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"போன் நம்பர் சரியில்லையாம்."

சிரித்தான். அந்த நம்பரிலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தான்.