சும்மா இருந்தால் ஐம்பத்துநாலு

வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவனுக்கு உடம்பில் நாற்பத்தொரு வோல்ட் இருந்தது. அளந்தவள் அவன் மனைவி. அவள் அவன் ஓட்டுகிற மின்சாரச் சைக்கிளின் பேட்டரியைத்தான் அளக்கப் போனாள். மீட்டரின் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் கை தவறி அவனுடைய உள்ளங்கைகளில் பட்டன, எண் விழுந்தது. பிறகு பேட்டரியில் வைத்தாள், அதிலும் நாற்பத்தொன்று.

"என்னங்க, ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு காட்டுது."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தோம்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

கூட்டாளிகள் அவனை நாலாம்மாடி என்று கூப்பிடுவார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடி என்று வந்தால் மற்றவர்களின் போன் அடித்துக்கொண்டே இருக்கும், இவன் எடுத்துவிடுவான். குடியிருந்தது ஒரே அறை. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் அடுப்பு, அதையும் தாண்டினால் ஓர் ஆள் உட்காரலாம் என்கிற அளவுக்கு ஓடு பதித்த பால்கனி. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள். மறுநாள் அவனைத் தெருமுனையில் பேட்டரி பழுது பார்ப்பவரிடம் கூட்டிப்போனாள். டாக்டரிடம் போகவேண்டியதில்லையா என்று அவள் கேட்டதற்கு, டாக்டரிடம் மீட்டர் இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அளந்து பார்த்து, நாற்பத்தெட்டு வோல்ட் ரகம் என்றார். நிறைந்தால் ஐம்பத்துநாலரை வரும், முப்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவிட்டால் மறுபடி ஏறுவது சந்தேகம். வேலை முடிந்து வந்த சூட்டோடு சொருகக் கூடாது, உடம்பு ஆறவேண்டும். வாசலை மறித்து வைக்கக் கூடாது, ஏதாவது ஆனால் எந்த வழியாக வெளியே ஓடுவது? மேலே போர்வை போடக் கூடாது, சொருகிவிட்டுத் தூங்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவனுக்கு உண்டான சார்ஜர்தான், அடுத்தவனுடையது ஆகாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆனால் வீட்டில் இருந்தது ஒரே சார்ஜர். சைக்கிள் நிறைய ஒரு பாதி ராத்திரி பிடிக்கும், அவன் நிறைய இன்னொரு பாதி. நடுவில் இரண்டும் ஆறவும் வேண்டும், அவளும் தூங்க வேண்டும். சைக்கிள் ஓடாவிட்டால் வேலை இல்லை என்பதால் முதலில் சைக்கிளைச் சொருகினார்கள். மிச்ச நேரம் கிடைத்தால் அவனை. வாரத்துக்கு வாரம் காலையில் அவன் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அதற்குள் இந்த விஷயம் ஊரெல்லாம் சாதாரணமாகிவிட்டது, ஒருத்தர் இரண்டு பேருக்கு வந்தால்தானே அதிசயம். சாமான் கிடங்கின் சூப்பர்வைசரும் ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் வரிசையாக எல்லார் கையையும் நீட்டச் சொன்னார். நாற்பத்தைந்துக்குக் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போகலாம், இரண்டு தடவை போனவன் பிறகு வரவேண்டாம். நாலாம்மாடி ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

அன்று சாயங்காலம் அவள் பக்கத்து அறைக்காரனிடம் சார்ஜர் கேட்டாள். நெட்டையாக இருப்பதால் அவனுக்கு ஏணி என்று பெயர், அவனும் அதே வேலைதான். அவன் வண்டி அறுபது வோல்ட்.

"எடுத்துக்கங்க அண்ணி. இது பெருசு, சீக்கிரம் ஏறும். அண்ணன் எழுந்து ஓடுவாரு பாருங்க."

அடுத்தவன் சார்ஜர் ஆகாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. முனை பொருந்துகிறதா என்று பார்த்தாள், பொருந்தியது. மறுநாள் ஒருநாள் மட்டும் அவன் வேலைக்குப் போய்விட்டால் போதும் என்று நினைத்தாள். எண் ஐம்பத்துநாலரையைத் தாண்டியது, ஐம்பத்தெட்டானது, அறுபதைத் தொட்டது. பேட்டரிக்குள்ளே அளவு மீறினால் கரண்டை வெட்டிவிட ஒரு சின்ன சர்க்யூட் அட்டை இருக்கும். மனிதனுக்கு அப்படி எதையும் வைத்துப் படைக்கவில்லை.

ஒருநாள் ஒரு மாதமானது. அந்த மாதம் அவன் பறந்தான். இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கினான், படியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினான், அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அவன் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். பிறகு அந்தச் சட்டையின் பொத்தான் பூட்டவில்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது, தொட்டால் சுட்டது, அறையில் அழுகத் தொடங்கிய பழம்போல ஓர் இனிப்பு வாசனை நின்றது. சார்ஜரை உடனே ஏணியிடம் திருப்பிக் கொடுத்தாள். அதனால் ஒன்றும் திரும்பவில்லை.

கிடங்கில் அவனுக்கு ஐம்பத்துநாலு காட்டியது. நல்ல நிறைவு என்று சூப்பர்வைசர் தண்ணீர் கேன்களைக் கொடுத்து மேல்மாடிக்கு அனுப்பினார். முதல் வளைவில் அவன் உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் தூக்கிவந்து கிடங்கில் கிடத்தினார்கள். சற்றுப் பொறுத்து அளந்தபோது மறுபடி ஐம்பத்துநாலு.

"அம்பத்துநாலு வச்சுக்கிட்டு என்னடா நடிப்பு? இவனுக்குக் கீழ இருக்கிறவன்லாம் ஓடிக்கிட்டு இருக்கான்."

அன்றோடு அவன் பெயரை அடித்தார்கள், கிடங்குக்குச் சொந்தமான சைக்கிளையும் வாங்கிக்கொண்டார்கள்.

பழுது பார்ப்பவர் வீட்டுக்கே வந்தார். மீட்டரை அவன் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். ஐம்பத்துநாலு ஐம்பதாகி, நாற்பத்துநாலாகி, முப்பத்தெட்டானது. டம்ளர் சாய்ந்தது. எடுத்துவிட்டதும் எண் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"சும்மா இருக்கும்போது காட்டுறது கணக்கே இல்லம்மா. சுமை ஏத்தினா என்ன காட்டுதோ அதுதான் கணக்கு."

"வேற வச்சு மாத்த முடியாதா?"

"சைக்கிள்னா பிரிச்சிருப்பேன்."

உப்பினதை அழுத்தாதே, குத்தாதே, துணிமணி பக்கத்தில் வேண்டாம், ஓட்டுத் தரையில் நிழலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் போனார். அவள் பால்கனியில் ஒரு இரும்பு நாற்காலி போட்டாள். யார் சார்ஜரை வாங்கியது என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பதற்கும் கொஞ்சம் வோல்ட் செலவாகும். சாப்பாட்டை அவள் ஊட்டிவிட்டாள், கரண்டி அவனுக்குச் சுமை. சலவைக்கடையில் இரண்டு வேளையும் நின்றாள். தொடக்கத்தில் தினமும் அளந்தாள், பிறகு எப்போதாவது, பிறகு மீட்டரை ஏணியிடம் கொடுத்துவிட்டாள். ஏணி இரண்டு வருஷம் ஓடினான். அவன் இடத்துக்கு வந்தவன் அவ்வளவுகூட ஓடவில்லை.

இப்போது அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைக் காட்டுவார், குப்பை போடுகிற இடத்தைக் காட்டுவார், அண்ணாந்து அந்தப் பால்கனியையும் காட்டுவார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு, அம்பத்துநாலு. கையில மட்டும் எதையும் குடுத்துடாதீங்க."

சரிங்க என்று சாவியை வாங்கிக்கொண்டு, தங்கள் மூட்டைகளோடு அவர்கள் மாடி ஏறுவார்கள்.