பல்லை உடைக்கும் சங்கீதம்

அப்பாவின் சட்டைக் கழுத்துப் பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அவருடைய கம்பெனி மேனேஜரின் குரல் கேட்டது.

"பெல்ட் போடாம ஏறிட்டார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கோம்."

துக்கத்துக்கு வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முந்தாநாள் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அறுந்த பாதுகாப்பு பெல்ட் அவர் இடுப்பில்தான் இருந்தது. பெல்ட் நைந்துவிட்டது, வேறு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றையும் டைப் செய்தவள் அவள்தான். வக்கீல் ஆபீசில் மனு டைப் செய்வது அவள் வேலை. கம்பெனி முத்திரை விழுந்த நகல்கள் பத்திரமாக இருந்தன.

அண்ணன் உள்ளே வந்தான். பின்னாலேயே போதகரும் வந்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான், கேட்டியா?" என்றான் அவளிடம். பிறகு போதகரைப் பார்த்தான். "ஐயா, துன்மார்க்கனோட பல்லை உடைக்கச் சொல்லி பைபிள்ல ஒரு சங்கீதம் இருக்கே, அதை வாசிங்க. இல்லேன்னா நானே போய் உடைச்சிடுவேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடக்கத்துக்கு அதையா தம்பி வாசிப்பாங்க? பகைவனை நேசிக்கணும்னு சொல்லிட்டு, நானே சாபம் போடுற மாதிரி இருக்கும்."

அவள் அப்பாவின் காலரை நீவிவிட்டாள்.

"அது சாபம் இல்லைங்கய்யா, மனு. நான் டைப் பண்ற மனுவுல கடைசியா வர்ற கோரிக்கைப் பகுதிக்கு ஆபீஸ்ல பிரேயர்னுதான் பேரு. எதிர்மனுதாரர் நல்லா இருக்கணும்னு அதுல யாரும் கேக்கமாட்டாங்க. அவரை நானே அடிக்கிறேன்னும் எழுதமாட்டாங்க. நடந்தது இது, நீங்க தீர்ப்புச் சொல்லுங்கன்னு நீதிபதிகிட்ட விட்டுடுவாங்க."

போதகர் பக்கத்தைத் தேடி எடுத்து, உதடு அசையப் படித்துப் பார்த்தார். "ஆமாம்மா. சங்கீதக்காரர் உடைங்கன்னு கடவுள்கிட்டத்தான் கேக்குறார். நான் உடைக்கிறேன்னு ஒரு வரிகூட இல்லை."

"அப்போ நமக்கு வேலையே இல்லையா?" என்றான் அண்ணன்.

"இருக்குண்ணா. சாட்சி சொல்லணும். திங்கட்கிழமை விபத்து விசாரணைக்கு அப்பாவோட மூணு கடிதத்தையும் எடுத்துக்கிட்டு நான் போறேன். நீயும் வா. பல்லு மேனேஜர் வாயிலேயே இருக்கட்டும், பதில் சொல்றதுக்கு வேணுமே."

அண்ணனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே கண் நிறைந்துவிட்டது.

கூடத்தில் போதகர் அந்தச் சங்கீதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். குரலை உயர்த்தவும் இல்லை, தணிக்கவும் இல்லை. யாரும் உச்சுக் கொட்டவில்லை. மேனேஜர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவப்பெட்டியைத் தூக்கும்போது அவரும் தோள் கொடுக்க வந்தார். அண்ணன் அவர் கையை மெதுவாக விலக்கினான்.

"இதை நாங்க தூக்கிக்கிறோம் சார். நீங்க திங்கட்கிழமை வந்தா போதும்."

ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைத்தவர் குடியிருந்தது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படிகள் குறுகல், திருப்பங்கள் அதைவிடக் குறுகல். அவள் எல்லோருக்கும் முன்னால், பெட்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும், "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்போ இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே, பெட்டியின் முனை சுவரில் இடிக்காதபடி தன் புறங்கையை இடையில் கொடுத்துக்கொண்டு போனாள்.