கிராஃபைக் கெடுத்தவர்

கஜபதியின் கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டப்போன புஷ்பா பாதியில் நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரி. சேக்காட்டில் அந்தத் தெருச் சாவு எதுவும் அவள் கை படாமல் நகர்ந்ததில்லை.

“இன்னாம்மா சௌம்யா, விரல் பூரா ஓட்டை ஓட்டையா கீது? அண்ணாத்தேக்கு சக்கரையா?”

மகள் வாயைத் திறக்குமுன் மூன்றாம் வீட்டு சாவித்திரி முந்திக்கொண்டாள்.

“சக்கரையெல்லாம் இல்ல. பொண்ணு ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பா. சனிக்கிழமையானா வேலப்பன்சாவடிலேர்ந்து ஸ்கூட்டி வந்து நிக்குமே! நாலு மாசமாத்தான் காணோம்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

ஆராய்ச்சி என்னவென்று தெருவுக்கே பாடம். காய்கறி வண்டிக்காரர் வரை கஜபதி சொல்லிவைத்திருந்தார். கண்ணாடிச் சில்லில் தங்கப் பூச்சு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு சொட்டு ரத்தம் போதும். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தால் ஊடே வரும் ஒளியின் நிறம் இம்மி மாறும். “ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆளு வேணுமாம். நான்தான் நார்மல்!” என்பார். டாங்கி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் லேத்தில் நின்றவர். மனைவி போனபின் தனி ஆள். பேசுவதற்கு அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

“ரெண்டே நாளு ஆஸ்பத்திரி. டாக்டரு இன்னாதான் சொன்னாரு?” புஷ்பா முடிச்சை இறுக்கினாள்.

“கிட்னி.”

“அட, நீ கண்டுபுடிக்கிறதும் அதானே?”

சௌம்யா அந்த விரல்களையே பார்த்தாள். வாராவாரம் அப்பாவின் சொட்டில் மட்டும் நிறம் நகர்ந்தது. சில்லில்தான் கோளாறு என்று மூன்று சில்லு மாற்றினாள். கடைசியில் ஆளையே மாற்றினாள்.

“உங்க ரத்தம் கிராஃபைக் கெடுக்குதுப்பா. இனிமே வேணாம்.”

“என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டியா?” சிரித்தார். “காபி குடிச்சேன், அதனாலதான். அடுத்த வாரம் குடிக்காம இருக்கேன், வா.”

அவள் வரவில்லை. வேலை முடிந்த இடத்துக்கு யார்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார்கள்?

ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்த ஸ்ரீநாத் சுவரைச் சுற்றிப் பார்த்தான்.

“பெரிய பிளக்கு ஒண்ணுதான் கீதுக்கா. ஃப்ரிட்ஜ கழட்டிடட்டா? உள்ள கீறத எடுத்துடு.”

அரை பாக்கெட் பால். கொஞ்சம் மாவு. முட்டை வைக்கும் குழிகளில் அவள் விட்டுப்போன ஊசிப் பெட்டியும், ரப்பர் பேண்ட் போட்ட சின்னப் பிளாஸ்டிக் உறைகளும். ஒவ்வொரு உறையிலும் வட்டத் தாள், நடுவில் காய்ந்த ரத்தச் சொட்டு. அவள் எடுத்துப்போகும் அதே விதம். மேலே தேதி. எல்லாம் சனிக்கிழமைகள். அடியில் லேத்காரரின் குண்டு எழுத்து.

காபி குடிக்கவில்லை.

உப்பு சேர்க்கவில்லை.

கை இரண்டு தரம் கழுவியது.

பதினாறாவது, போன சனிக்கிழமை: இப்போது சரியாக இருக்கும்.

“புடுங்கட்டாக்கா?” பிளக்கில் கை வைத்தபடி ஸ்ரீநாத் கேட்டான்.

தலையசைத்தாள். ஃப்ரிட்ஜ் அடங்கியது. பெட்டி உறுமத் தொடங்கியது. அப்பாவை உள்ளே கிடத்தியதும் உறைகளைக் கையில் அடக்கியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னாது, கோயில் பிரசாதமா?” புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

“ம்.”

“வெய்யி, வெய்யி.”

கட்டிய விரல்களுக்குப் பக்கத்தில் மாலையை ஒதுக்கி, புஷ்பா இடம் செய்து கொடுத்தாள்.