படிந்த பேரம்

அத்தாவுல்லாவின் குரலுக்கு மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

விலை வைத்தது, கடைக்கணக்கு மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கும் ராயபுரம் கம்பெனி ஒன்று. குரலை விற்பதாக அவர்களுக்கே தெரியாது. தண்டையார்பேட்டையில் வலைக்கயிறு விற்ற அத்தாவுல்லாவுக்குப் போனில் எழுத்துத் தட்டப் பொறுமை கிடையாது. "எபினேசருக்கு ரெண்டு சுருளு. பாதி இன்னிக்கி, மீதி மீன் மாட்னா" என்று அந்த மென்பொருளில் பேசியே கணக்கைப் பதிவார். அவர் மாரடைப்பில் போன பிறகு மனைவி சாபிரா கடையை மூடினாள், சந்தாவை மூடவில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பதிவைப் போட்டுக் கேட்பாள்.

கடை வரும்படி நின்றதும் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தவன் டில்லிபாபு. விலகுகிறவர்களைப் பேசி நிறுத்துவது அவன் வேலை.

"ஐநூறு ஜாஸ்தி நைனா. கொறச்சுக்கோ, இல்லாங்காட்டி நிறுத்திடு."

நிறுத்தும் எண்ணமே அவளுக்கு இல்லை. படியிறங்குவதாகக் காட்டினால்தானே கடைக்காரன் விலையிறங்குவான்.

"உனக்காவ நூத்தித் தொண்ணூத்தொம்போது போட்டுத் தரேன்க்கா. மேலே திட்டு நான் வாங்கிக்கிறேன், போ."

"நூத்தம்பது பண்ணேன்."

"என் வூட்ல அடுப்பு எரியணுமா வேணாமா?"

இருவரும் சிரித்தார்கள்; நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் பேரம் படிந்தது. இருவருமே ஜெயித்ததாக நினைத்தார்கள். வாடிக்கையாளரைத் தக்கவைத்ததற்கு அலுவலகத்தில் கைதட்டல் வேறு.

குறைந்த திட்டத்தில் கணக்கு நிற்கும், குரல்பதிவுகள் அழியும். டில்லிபாபுவின் திரையில் அது வந்தது. மூடிய கடைக்குப் பழைய பேச்சு எதற்கு என்று 'சரி'யை அழுத்தினான். அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எது வேண்டும் என்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடாதா?

மறுநாள் சாபிராவின் அழுகையைப் போனில் கேட்டவள் டில்லிபாபுவின் குழுத் தலைவி ஆஃபியா. போன பதிவுகளை மீட்க வழியில்லை என்று தொழில்நுட்ப ஆட்கள் கைவிரித்தார்கள். "யார் பண்ணது?" என்றார் முதலாளி.

"கேக்காம அழுத்தப் பழக்குனது நான் சார்" என்றாள் ஆஃபியா.

மாலையில் டில்லிபாபுவையும் அழைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனாள்.

"நான்தான்க்கா அழுத்துனேன்" என்றான் அவன், செருப்பைக் கழற்றாமலே.

சாபிரா திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா முழுசும் குடுத்திருப்பேனே நைனா."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா சும்மாவே வுட்டுருப்பேனேக்கா."

ஆஃபியா மெல்லக் கேட்டாள். "சந்தாவ நிறுத்திடட்டுமாக்கா?"

"வாணாம்மா. அதுல அவுரு பேரு கீதுல்ல? இருக்கட்டும்."

மாதக் கடைசியில் ஆஃபியா அறிக்கை எழுதினாள். நிறுத்தச் சொன்னவர்கள் பத்தொன்பது பேர். போனவர்கள் எட்டு. சாபிராவை எந்தப் பக்கம் வைப்பதென்று முதலாளியிடமே கேட்டாள்.

"பணம் வருதா?"

"வருது சார்."

தங்கியவர்கள் பதினொன்று. மொத்தம் பத்தொன்பது. கணக்கு சரியாக இருந்தது.