விரிசலின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு

பால் குடித்த டம்ளரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடிய வாலு, பாதி வழியில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு வீறிட்டான். டீச்சர் அவனை அள்ளி மடியில் போட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் அரிசி நொய்யளவு ஒரு கண்ணாடிச் சில்லு. நகத்தால் அதை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தி, பிஸ்கட் ஒன்றைக் கையில் கொடுத்ததும் அழுகை பாதியில் நின்றது. அவளுடைய நெஞ்சுதான் நிற்காமல் அடித்துக்கொண்டது.

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் கண்ணாடிச் சாமான் என்று ஒன்றுமே கிடையாது. டம்ளர் எவர்சில்வர், தட்டு பிளாஸ்டிக், ஜன்னலுக்குக் கம்பி வலை. முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட அவள் வீட்டோடு விட்டிருந்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் தவழ்ந்து உருளும் தரை அது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருக்கித் துடைச்சிட்டுத்தான் பூட்டினேன். ஒரு தூசி இருந்தா என்னைக் கேளுங்க" என்றாள் ஆயா, துடைப்பத்தோடு.

"உங்களை யாரு குத்தம் சொன்னா?"

"வாய் சொல்லலை. முகம் சொல்லுதே."

டீச்சரின் பார்வை வடக்குச் சுவருக்குப் போயிருந்தது.

ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டதே தவிர, எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன், கடற்கரைச் சாலையில் முதல் ஹோட்டல் வந்தபோது, படுக்கை விரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வேலைக்குப் போன பெண்கள் பிள்ளைகளை எங்கே விடுவதென்று தவித்தார்கள். அவள் இந்தக் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, சுவருக்கு மஞ்சள் அடித்து, பாய் வாங்கிப் போட்டாள். ஹோட்டல்கள் பெருகப் பெருகப் பிள்ளைகளும் பெருகினார்கள். அதனால் பக்கத்தில் இருந்த பழைய ஐஸ் தொழிற்சாலையை இடித்து எட்டு மாடி ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்றபோது, அவள் மனசுக்குள் இன்னும் நாலு பாய்க்குக் கணக்குப் போட்டாள். தம்பிக்கும் அங்கேயே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு பள்ளம் தோண்டினார்கள். கார் நிறுத்தப் பூமிக்கடியில் இரண்டு தளம். கடலோர மணல், பத்தடி போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. சுற்றிலும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் காப்பகத்துத் தரை அதிர்ந்தது. தூங்கும் பிள்ளைகளின் கன்னச் சதை குலுங்குவதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் ஊறும் தண்ணீரை இறைக்கப் பம்புகள். ஆறு பம்புகள், நிறுத்தாமல், பகலும் இரவும். கடலின் சத்தமே ஊரில் இல்லாமல் போனது. நான்கு வாரத்துக்கு முன் வடக்குச் சுவரின் மேல் மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு இறங்கியது. இரண்டு வாரத்தில் அதில் நகம் நுழைந்தது. வாசலின் இரும்புக் கதவு நிலையில் உட்கார மறுத்தது; சங்கிலி போட்டுத்தான் பூட்ட முடிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மாடியைக் காலி செய்துவிட்டு நல்ல விலைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர். "பழைய கட்டடம்னா நாலு சுருக்கம் விழத்தான் செய்யும்மா. நமக்கு விழலையா?" என்று சிரித்தார்.

ஹோட்டல் கட்டும் இன்ஜினியர் ஒரு நாள் வந்து பார்த்தார். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, அதன் மேல் நீல மையால் தேதி எழுதினார். "சுவர் அசைஞ்சா இது உடைஞ்சிடும். உடையாத வரைக்கும் நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து காலையில் பூட்டைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தத் துண்டைத்தான். முழுசாக இருந்தால் மூச்சு வரும். பார்த்துவிட்டு, பிள்ளைகள் வரைந்த படங்களை விரிசல் நெடுகிலும் ஒட்டி மறைப்பாள். யானை, கப்பல், ஏழு கால் உள்ள ஒரு பசு. அம்மாக்கள் கண்ணில் பட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போய்விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. பயத்தை மறைக்கத்தான் படம் ஒட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். யாருடைய பயத்தை என்பதில் மட்டும் அவளுக்கே குழப்பம் இருந்தது.

இன்றும் துண்டு முழுசாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தாளே. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கப்பலை விலக்கிவிட்டு, மூக்கு உரச இன்னொரு தரம் பார்த்தாள்.

தேதி இல்லை.

கண்ணாடி பளிச்சென்று புதுசாக இருந்தது. இரண்டு முனையிலும் சிமெண்ட் பச்சை மாறாமல் இருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. ஓரத்தில் பழைய சிமெண்டைச் செதுக்கி எடுத்த தடம். உடைந்த துண்டின் சில்லுதான் வாலுவின் குதிகாலில் ஏறியிருக்கிறது. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். மாற்றுச் சாவி ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. அவள் வர நேரமாகும் நாட்களில் மகளோடு உள்ளே காத்திருப்பதற்காக அவளே கொடுத்த சாவி.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். 'அவனா? சேச்சே, இருக்காது' என்று ஒரு மனசும், 'வேறு யார்?' என்று இன்னொரு மனசும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது. தம்பி. தலையில் மஞ்சள் ஹெல்மெட், முழங்கால் வரை சேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறவன். இப்போது மணி பத்தே முக்கால்.

"சிட்டுவைக் கூட்டிட்டுப் போறேன்க்கா. டாக்டர்கிட்ட காட்டணும்."

"என்ன அவளுக்கு?"

"பல்லு வலி."

"எந்தப் பல்லு?"

அவன் மகளைப் பார்த்தான். நாலு வயசு சிட்டு அப்பாவுக்கு உதவுகிற மாதிரி வாயை ஆவென்று திறந்து, வரிசையாக எல்லாப் பல்லையும் தொட்டுக் காட்டினாள். ஆயா சிரித்துவிட்டாள். அக்காவும் தம்பியும் சிரிக்கவில்லை. டீச்சர் அவனைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நேத்து இங்க வந்தியா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"மூணே நாள்க்கா. புதன்கிழமை அடியில கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் அசையாது. இன்ஜினியர் சார் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நீ பயந்து கூப்பாடு போடக் கூடாதுன்னுதான்…"

"உடைஞ்சது எப்ப?"

"சனிக்கிழமையா இருக்கும்." அவன் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமையிலேர்ந்து பம்புல தண்ணி கலங்கலா வருது. மண்ணும் சேர்ந்து வருது."

"எங்கேருந்து வர்ற மண்ணு?"

அவன் குனிந்து, இருவரும் நின்றுகொண்டிருந்த தரையைப் பார்த்தான்.

பக்கத்து அறையில் யாரோ ஒரு பிள்ளை பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பந்து கொஞ்ச நாளாக எந்தப் பக்கம் உருட்டினாலும் கடைசியில் வடக்குச் சுவருக்கே போய்ச் சேர்வது ஏன் என்று அவள் யோசித்ததே இல்லை.

"மூணு நாள் தாங்கும்னா, உன் பொண்ணை மட்டும் எதுக்குடா கூட்டிட்டுப் போற?"

அவன் முகம் கோணிக்கொண்டது. சின்ன வயசில் அடி வாங்கப் போகிறோம் என்று தெரிந்தால் அப்படித்தான் கோணும். "வேலை போயிடும்க்கா" என்றான். "இந்த ஊர்ல வேற யாரு எனக்கு வேலை குடுப்பா?"

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் படம் ஒட்டி மறைத்த கை அது. எந்த யோக்கியதையில் ஓங்குவது?

"தள்ளு" என்றாள்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக ஒரு முடிச்சுக் கயிறு உண்டு, ஆளுக்கொரு முடிச்சு. ஆயாவிடம் ஒன்றும் விளக்கவில்லை. "படகுத்துறைக் கூடத்துக்குப் போறோம். வரிசையா. ஓடக் கூடாது" என்றாள். ஆயா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். செருப்பு மாட்டக்கூட நேரம் கொடுக்காமல் வாசலைத் தாண்டினார்கள். சிட்டுவும் அப்பா கையை உதறிவிட்டு வந்து ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். வாலு நொண்டிக்கொண்டே பாட ஆரம்பித்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிமெண்ட் லாரிக்காரன் வண்டியை நிறுத்தி வழி விட்டுக் கையாட்டினான். அவளுக்கு ஒவ்வொரு அடியும் ஒரு மைலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த நொடியே விழுந்துவிடும் என்று தோன்றியதால் திரும்பவில்லை.

படகுக்குக் காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சுகளின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்து எண்ணினாள். பன்னிரண்டு. அம்மாக்களுக்குப் போன் போட்டாள். ஐந்தாவது அழைப்பின்போதுதான் பூனைக்குட்டியின் மூச்சு காதில் விழுந்தது. ஊதினால் பறந்துவிடும் போல் ஒல்லியான அந்தக் குழந்தைக்குத் தூசி பட்டால் நெஞ்சு பூனை உறுமுவது மாதிரி இரையும். அதனால் வந்த பெயர். தெருவின் சிமெண்ட் தூசியில் நடந்து வந்ததில் இப்போது உறுமல் பெரிதாகி, தோள்கள் ஏறி இறங்கின. உறிஞ்சும் மருந்து காப்பகத்து அலமாரியில் இருந்தது.

"நான் போறேன்" என்றாள் ஆயா.

"மேல் தட்டு உங்களுக்கு எட்டாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஓடினாள்.

காலியான அறையை அவள் அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை. கிடந்தது கிடந்தபடி பாய்கள், கவிழ்ந்த பால் டம்ளர், பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள். அலமாரிக் கதவு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். திறந்தது, மருந்து கைக்கு வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். பெரிய சத்தமில்லை. யாரோ ஒருவர் பல்லைக் கடித்த மாதிரி, சுவருக்குள்ளே. ஏழு கால் பசு நடுவில் மெதுவாகக் கிழிந்தது. அவள் வாசலுக்குப் பாய்ந்தாள். அதற்குள் நிலை முனகியது; இத்தனை நாளும் மூட மாட்டேன் என்று அடம் பிடித்த இரும்புக் கதவு, கண்ணெதிரே அசைந்து வந்து நிலைக்குள் இறுகிக்கொண்டது.

தள்ளினாள். தோளால் இடித்தாள். ஜன்னலில் கம்பி, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று அவளே போடச் சொன்னது. கத்தினாள். ஆறு பம்புகளின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேலே எங்கிருந்தோ சுண்ணாம்பு, மாவு சலிப்பது போலத் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மருந்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "அந்தக் குழந்தைக்கு மூச்சு, மூச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கதவை உதைத்தாள்.

கடப்பாரையின் முனை கதவிடுக்கில் நுழைந்தது. ஒரு நெம்பு, இரண்டாவது நெம்பு. கை ஒன்று உள்ளே வந்து அவள் தோளைப் பற்றித் தெருவுக்கு இழுத்துப் போட்டது. தம்பி கடப்பாரையோடு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"உள்ள போனதைப் பார்த்தேன். வெளிய வரலை…" என்றான்.

அவள் எழுந்து தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள். "கீழ பள்ளத்துல எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு" என்றான்.

அவள் மருந்தோடு படகுத்துறைக்கு ஓடினாள். இரண்டு முறை உறிஞ்சவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, தம்பியின் விசில் சத்தம் கேட்டது. நீளமாக, திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரத்தில் ஒரு பம்பு நின்றது. பிறகு இன்னொன்று. ஆறாவதும் நின்றபோது, ஊரின் காதிலிருந்து யாரோ பஞ்சை எடுத்த மாதிரி, கடல் கேட்டது. "அது என்ன சத்தம்?" என்று கேட்டது பூனைக்குட்டி.

மதியத்துக்குள் அம்மாக்கள் வேலைச் சீருடையோடே வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளையையும் ஒப்படைத்த பிறகு டீச்சர் தெருவுக்குத் திரும்பினாள். கயிறு கட்டித் தடுத்த கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். கட்டடம் நின்றுகொண்டிருந்தது. "இடியலையே. இதுக்கா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தோம்?" என்றாள் வாலுவின் அம்மா, அவனை விடாமல் இறுக்கிக்கொண்டே. வீட்டுக்காரர், டீச்சர் தன் கட்டடத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் போனில் கத்தினார். பிறகு போனைத் தாழ்த்தித் தம்பியிடம் கத்தினார்.

"ரெண்டு மாச வேலை முழுகுதுய்யா! யாரைக் கேட்டு நிறுத்தின?"

"முழுகட்டும் சார். தண்ணி நிறைஞ்சாத்தான் மண்ணு நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"நாளைக்கு நீ இங்க வராதே."

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். சிட்டு அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை.

"நின்னுடுமாடா?" என்றாள்.

"தண்ணி மேல வர்ற வரைக்கும் தாங்கினா நிக்கும்" என்றான். "எனக்குத் தெரியலைக்கா."

கீழே, ஏறி வந்தவர்கள் விட்டுவிட்டு வந்த ஏணிகளின் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு தண்ணீர் உயர்ந்தது. கட்டிவைத்த கம்பிகளின் நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. கலங்கல் அடங்க அடங்க, பள்ளத்தின் நடுவில் காப்பகத்தின் மஞ்சள் சுவர் தலைகீழாகத் தெரிய ஆரம்பித்தது. ஜன்னல், கம்பி, திறந்து கிடந்த கதவு எல்லாமே தெரிந்தன. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஆடுவது தண்ணீரா, சுவரா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து சுவரையே நேராகப் பார்க்கவும் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.