பெட்டி திரும்பாத இஸ்தோப்பு

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. பதுளை பஜாரில் ஒரு பிரின்டிங் கடையில் என் புத்தக அட்டைக்காகக் காத்திருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் படித்துவிட்டேன். ஏழாம் கேள்வி: ‘உலகின் வடிவமைப்புத் தலைநகரம் என்ற புகழுக்கு லண்டன் தகுதியானதா? முன்னூறு சொற்களில் எழுதுக.’ அடுத்தவர் படிவத்தைப் படிப்பது தவறுதான். ஆனால் என் அட்டை வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவளுக்கு ஜெனிற்றா என்று பெயர் வைக்கிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கொழுந்துக் கூடையோடு ஜெனிற்றா…’

வேண்டாம். ஜெனிற்றா ஒருநாளும் கொழுந்து பறித்ததில்லை. கூடையைக் கொடுத்தால் வாசகருக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்காது.

இரண்டாம் தொடக்கம்: ஜெனிற்றாவுக்கு இருபத்திரண்டு வயது. பதுளையிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா இருதயம்மாவோடு இருக்கிறாள். மொஹிதீன் முதலாளியின் கடையில் பேனர், கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாம் அவள் கைவேலை. கொழும்பில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கென்று ஒரேயொரு இலவச இடம் வைத்திருக்கிறது. கிடைத்தால் நான்கு வருடப் படிப்பு. கிடைக்காவிட்டால் மரண அறிவித்தல். படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

பதிலை இப்படித் தொடங்கியிருந்தாள்: ‘லண்டன் மாநகரமானது தொன்மையும் புதுமையும் கைகோத்து நிற்கும்…’ (போனிலிருந்து எடுத்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் எடுத்திருப்பேன்.)

முதலாளி எட்டிப் பார்த்தார். “லண்டனுக்குப் போய் ஈக்கிறீங்களா புள்ள?”

“இல்ல மொதலாளி.”

“அப்ப ஓம் எண்டு எழுதுங்க. போகாத ஊரப் பத்தி நல்லதத்தான் சொல்லணும். மொதல்ல இந்த பேனரக் குடுத்துட்டு வாங்க.”

3

பேனர் ஒரு மரண வீட்டுக்கு. ஜெசிந்தன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் காலமாகியிருந்தார். ஜெனிற்றாவைப் போல அவரும் கத்தோலிக்கர். வாசலில் பேனரைக் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தவள் திகைத்துப்போனாள். சவப்பெட்டியை வீட்டுக்குள், நடு ஹோலில் வைத்திருந்தார்கள்.

[இங்கே ஒரு குறிப்பு அவசியம். ஜெனிற்றாவின் லயத்தில் பெட்டி வீட்டுக்குள் போவதே இல்லை. உள்ளே இறந்தவரை வெளியே தூக்கிவந்து, இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் நடையில்தான் பெட்டியில் கிடத்துவார்கள். மழையடித்தால் தார்ப்பாய் பிடிப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் அவள் அப்பா இராயப்பன் இறந்தபோதும் மழை. தார்ப்பாயின் ஒரு மூலையை அவள்தான் பிடித்திருந்தாள். திருச்சபை வகுத்த முறை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.]

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள்.

“டவுன்ல பொட்டிய உள்ளுக்கே வச்சிருக்காங்கம்மா. ஃபாதர் ஒண்ணும் சொல்லலியா?”

“ஃபாதர் என்னா சொல்றது? அவங்க வீட்டுல போவுது, வைக்கிறாங்க. நம்ம வீட்டுல திரும்பாதுல்ல.”

“என்னா திரும்பாது?”

“பொட்டிதான். இஸ்தோப்பு அகலம் நாலடி, படி ஒரு ஓரமா இருக்கு, கதவு மறு ஓரமா இருக்கு. வெறும் பொட்டின்னா நிமித்தி உள்ள கொண்டு போயிரலாம். ஆள வச்சி வெளிய கொண்டார ஏலாது. ஒங்கப்பாவ நிக்க வச்சா கொண்டு போறது?”

4

இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாததால் டேப்பை எடுத்துக் கதவை அளந்தாள். இருபத்தேழு அங்குலம்.

லயத்தைக் கட்டியது லண்டனில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனி. படம் அங்கே வரைந்ததா, இங்கே ஏதோவொரு வெள்ளைக்காரத் துரை கடித உறையின் பின்னால் கிறுக்கியதா என்று எனக்குத் தெரியாது. முதலாவதுதான் கதைக்கு வசதி.

ஜெனிற்றாவின் பதில்:

‘ஆம், லண்டன் தகுதியானது. எங்கள் லயம் லண்டன் கம்பெனி கட்டியது. எங்கள் வாசலில் சவப்பெட்டி திரும்பாது. அதனால் இறந்தவர்களை வெளியே வைத்தோம். நாளடைவில் அதை வேதம் என்றே நம்பினோம். கதவு சரியில்லை என்று யாரும் முறையிட்டதில்லை. என் அப்பாவை மழையில் வைத்தபோது நானும் முறையிடவில்லை. இவ்வளவு வெற்றிபெற்ற வடிவமைப்பை வேறு எந்த நகரமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.’

முன்னூறு சொல் வரவில்லை. அவள் கூட்டவில்லை. நானும் கூட்டவில்லை.

முதலாளி இரண்டு தரம் படித்தார். “இத பேப்பர்ல போடலாம் புள்ள. எடம் எடுக்க ஏலா.”

5

முடிவு அ: தேர்வுக் குழு எழுந்து நின்று கைதட்டியது. (எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.)

முடிவு ஆ: இடம் கிடைக்கவில்லை. மறுநாள் கடையில் இன்னொரு மரண அறிவித்தல். (இப்படி முடித்தால் ஆழமான எழுத்தாளர் என்று எனக்குப் பெயர் கிடைக்கும். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.)

இரண்டும் வேண்டாம். எட்டாம் கேள்வி பாக்கியிருக்கிறது: ‘நீங்கள் செய்த வடிவமைப்பு ஒன்றை இணைக்கவும்.’ நல்ல நல்ல பேனர்கள் அவளிடம் நிறைய இருந்தன. வியாழக்கிழமை மாலை, ஏழாம் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். லண்டனைப் பற்றி இருதயம்மாவுக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை.

“அதெல்லாம் சரி. இப்ப கதவ எங்க வெட்டுனா திரும்பும்? வரைஞ்சு காட்டு. நா உள்ளதான் இருப்பேன், சொல்லிட்டேன். மழையில படுக்க மாட்டேன்.”

ஜெனிற்றா ஒரு தாளை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு வரைந்தாள். கதவைப் படிக்கு நேராக நகர்த்தினால் பெட்டி திரும்பவே தேவையில்லை. நேராகப் போகும், நேராக வரும். சுவரை உடைக்கத் தோட்டத்து ஆபிஸ் சம்மதிக்குமா என்பதை அவளும் யோசிக்கவில்லை. பேனர்களை விட்டுவிட்டு அந்தத் தாளைத்தான் இணைத்தாள்.

தேர்வுக் குழுவில் உங்களைப் போட்டிருக்கிறேன். இடம் ஒன்றுதான். தாள் உங்கள் முன்னால் இருக்கிறது, போல்பொயின்ட் பேனாவால் வரைந்தது, கோடுகள் அவ்வளவு நேரில்லை. கீழே, இதை யார், எப்போதிருந்து பயன்படுத்துவார் என்று படிவம் கேட்ட விவரங்களை அவள் கையாலேயே நிரப்பியிருக்கிறாள்.

பாவிப்பவர்: இருதயம்மா, வயது 58.
பாவனை தொடங்கும் திகதி: அவசரமில்லை.