கெதியாகச் சிரித்த பொலிஸ்காரன்

வினாயகமூர்த்தி மாஸ்டருக்கு ஒரு நாடகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழும்பிப் போகிற பழக்கம் கிடையாது. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு, அது ஏன் வந்தது என்று ஆராய்கிற பிறவி. தொலைக்காட்சியில் எது போனாலும், கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கப்போட்டு விடுவார். களுதாவளை வாசகர் வட்டத்துக்கு அதில் பெரிய பெருமை. சண்டையில் கம்பங்கள் சரிந்த பிறகு கரண்ட் எட்டியும் பார்க்காத ஊரிலிருந்து ஒருவர் தொலைக்காட்சி விமர்சனம் எழுதுகிறார் என்றால் சும்மாவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வட்டத்து ஆட்கள் மாஸ்டர் வீட்டில் கூடியிருந்தார்கள். 'சிரிப்புச் சந்தி' என்ற தொடரின் புது அங்கத்தைப் பார்த்து முடித்த கையோடு மாஸ்டர் அதைப்பற்றிப் பேசவேண்டும், பிறகு எழுதி அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு. கோணாமலை தன் உழவு மெசினின் பற்றரியைக் கழற்றிச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காத்தான்குடியில் வாங்கிய பழைய பெட்டி அந்தப் பற்றரியில்தான் ஓடும். வட்டத்தின் தலைவர் கதிர்காமத்தம்பி, ஓய்வுபெற்ற தபாலதிபர், வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையில் அமர்ந்துவிட்டார். மற்றவர்கள் பாயில் இருந்தார்கள். மாஸ்டரின் மனைவி இராசாத்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

வீடு அவர்களுடையதல்ல, வாடகை வீடு. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், இராசாத்திக்குத் தாய் கொடுத்த கல்வீடு ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டில் அதை விட்டுவிட்டு உடுத்த துணியோடு தோணி ஏறியவர்கள்தான் இவர்கள். அங்கே என்றால், மகளைக் கட்டிக்கொடுத்த தாய் பெரிய வீட்டை விட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வாள். மருமகன் முன்னால் வந்து நிற்கமாட்டாள். அவரிடம் ஒன்று சொல்லவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்வாள். இங்கே இரண்டு அறை வீட்டில் எங்கே போய் ஒதுங்குவது? இராசாத்தியின் தாய் இலட்சுமிப்பிள்ளை அறை வாசலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு, அதையே கதவாக்கிக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள். அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் மாஸ்டர், அந்தப் பக்கம் மாமி. தொலைக்காட்சி போடும்போது மட்டும் சேலை ஒரு சாண் விலகும்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் ஒரு பஸ் கொண்டக்டர், பிறகு ஒரு பெண் பார்க்கும் படலம். இரண்டும் பழைய சரக்கு. யாரோ பின்னால் இருந்து பொத்தானை அமத்துவதுபோல, வசனம் முடியமுதலே சிரிப்பொலி வந்து விழுந்தது.

"சிரிக்கச் சொல்லித் தாறானுகள், பாத்தீங்களா? நம்மட வேலையையும் அவனுகளே செய்யிறானுகள்" என்றார் மாஸ்டர். பாயில் இருந்தவர்கள் இரசித்தார்கள். மாஸ்டருக்கு நல்ல உற்சாகம்.

மூன்றாவது துண்டுக்கு 'மாமியார் வைத்தியம்' என்று பெயர் போட்டார்கள். கொழும்பு லொட்ஜ் அறை ஒன்று. ஒட்டுமீசை வைத்த பொலிஸ்காரன் ஒருவன் சோதனைக்கு வருகிறான். அடையாள அட்டையைத் தொலைத்த ஒரு மாப்பிள்ளை அகப்படுகிறான். உடனே மட்டக்களப்பு மாமியார் விளக்குமாற்றோடு பாய்ந்து வருகிறாள். ஓர் ஆம்பிளைதான் சேலை கட்டி, நெஞ்சில் இரண்டு தேங்காயை வைத்துக்கொண்டு மாமியாராக வந்தான்.

"மாத்தயா! மகே புத்தா! பிஸ்ஸு, பிஸ்ஸு!" என்று அவன் கீச்சுக்குரலில் கத்தினான். சிங்களத்தில் ஐயா, என் மகன், பைத்தியம் என்று அர்த்தம். கத்திவிட்டு மாப்பிள்ளையை விளக்குமாற்றால் விளாசினான். ஒவ்வோர் அடிக்கும் "என்ன மனே, நோகுதா மனே" என்று, மகனை 'மனே' என்கிற நம் ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினான். மாப்பிள்ளை வெகு சாமர்த்தியசாலி. கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, பைத்தியமாக நடித்துக்கொண்டே பார்ப்பவர்களுக்குக் கண்ணடித்தான். பொலிஸ்காரன் முதல் அடியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சேலைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இந்தக் கதை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, இராசாத்திக்கு, மாமிக்கு. அதைக் கண்ட மற்ற ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனார்கள். ஆகவே கொழும்புக்கு இது காற்றில் பறந்து போகவில்லை. மாஸ்டர்தான் கொண்டுபோனார்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கருத்தரங்குக்குக் கொழும்பு போனவர், வெள்ளவத்தையில் பழைய சிநேகிதன் ஞானசெல்வத்தின் அறையில் தங்கினார். ஞானசெல்வம் தொலைக்காட்சிக்கு எழுதுகிறவன். அன்றைக்கு அங்கே நாலைந்து கலைஞர்கள் வந்திருந்தார்கள். மாஸ்டர் வாய் திறந்தால் ஒருவரும் கேட்பாரில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அந்தப் புழுக்கம் தாங்காமல்தான் இதை எடுத்துவிட்டார். மாமிக்குச் சிங்களத்தில் நாலே நாலு சொல்தான் தெரியும் என்றார். மாமிபோலக் குரலை மாற்றிக் கத்திக் காட்டினார். தான் அந்த நொடியிலேயே பைத்தியமாக நடித்து ஆமிக்காரனுக்குத் தண்ணி காட்டியதாகச் சொன்னார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மச்சான், இதை எடுக்கட்டா?" என்று ஞானசெல்வம் கேட்டான்.

"எடு, எடு" என்றார் மாஸ்டர். கழுத்தில் மாலை விழுந்ததுபோல இருந்தது அவருக்கு.

ஆனால் நடந்தது வேறு. தோணி ஏறுவதற்குச் சற்று முன்பு, ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களையெல்லாம் கோயில் வீதியில் வெயிலில் இருத்தியிருந்தார்கள். வயல் வட்டைக்குள் இறங்கி ஓட நேரம் கிடைக்கவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கவென்று முகமூடி போட்டு நிறுத்தியிருந்த தலையாட்டி ஒருவன் மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவரை லொறிப் பக்கம் இழுத்தார்கள். மாஸ்டர் நடிக்கவுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. சாரத்தோடு ஒன்றுக்குப் போய்விட்டார். கால் நிலத்தில் நிற்கவில்லை. பெண்களை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து இலட்சுமிப்பிள்ளை ஆமிக்காரரின் துவக்குகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். முன்னொரு காலத்தில் கருவாடு வாங்க வந்த சிங்கள வியாபாரியிடம் பொறுக்கிய சொற்களைக் கூவிக்கொண்டு, வீதியில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அவரை அடித்தாள். அதுவரை அவர் முன்னால் வந்தே நிற்காதவள். கொண்டை அவிழ்ந்து, சேலை விலகி, பேய் பிடித்தவள்போல ஆடி ஆடி அடித்தாள். மாஸ்டர் குழறி அழுதார். பிறகுதான் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவன் மாஸ்டரைக் காலால் எத்தி, போ என்றான். லொறி மற்றவர்களோடு போனது. போனவர்கள் இன்றுவரை வரவில்லை.

அன்று மாலையே மாமி மீண்டும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நிகழ்ச்சி முடிந்து எழுத்துகள் ஓடின. கோணாமலை எழும்பிப் பெட்டியை நிறுத்தினார். கதிர்காமத்தம்பி கதிரையின் கையில் அடித்தார்.

"என்ன துணிச்சல் அவனுகளுக்கு! நம்மட தாய்மார் பிள்ளைகளைக் காப்பாத்தப் பட்ட பாடு அவனுகளுக்குக் கூத்தாப் போயிட்டு. மாஸ்டர், இத விடப்படாது. கிழியுங்க!"

"எனக்குக் கொஞ்சம் தலையிடி. எழுதியே தாறன்" என்றார் மாஸ்டர்.

"தலையிடி எங்களுக்கும்தான். பேசுங்க மாஸ்டர்" என்றார் கோணாமலை.

வேறு வழியில்லாமல் மாஸ்டர் எழும்பினார். ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லி இருந்துவிடலாம் என்றுதான் தொடங்கினார். ஆனால் பேசிப் பழகிய வாய் கேட்குமா? ஆமிக்குப் பயந்து பொலிஸ்காரனாக மாற்றியிருக்கிறார்கள் என்றார். கோயில் வீதியைச் சொல்ல முடியாமல் லொட்ஜுக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள் என்று வாயில் வந்ததை அரைவாசியில் விழுங்கினார். நல்ல வேளை, ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு தாய்க்கு ஆம்பிளையைக் கொண்டு வேஷம் கட்டியது அருவருப்பு, நம் பேச்சு கேலிப்பொருளா, பலவீனமானவர்களைக் காட்டிச் சிரிப்பது நகைச்சுவையா என்று வாய் கிழியப் பேசினார். சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் வந்தது. யார்மேல் என்று யோசிக்காமல் கோபப்பட்டார். கடைசியில் குரலை உயர்த்தினார்.

"நான் ஒண்டு கேக்கிறன். இந்தக் கதையைக் குடுத்தவனுக்கு வீட்டில தாய் எண்டு ஒருத்தி இல்லையா?"

எல்லோரும் கை தட்டினார்கள். கதிர்காமத்தம்பி எழும்பி வந்து தோளில் தட்டினார். "அந்தக் கடைசிக் கேள்விய அப்பிடியே எழுதுங்க மாஸ்டர். ஒரு எழுத்தும் மாத்த வேணாம்."

இராசாத்தி கோப்பைகளை எடுக்க வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். வாயால் ஏசியிருந்தால் மாஸ்டர் பொறுத்திருப்பார். அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போனாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு கைதட்டலை வாங்கிக்கொண்டு இவ்வளவு கேவலமாக நின்ற மனிதன் களுதாவளையிலேயே வேறு இல்லை என்று பட்டது.

பொழுது படமுதல் ஆமிக் காவலரணைத் தாண்டவேண்டும் என்று ஆட்கள் அவசரமாகப் புறப்பட்டார்கள். கோணாமலை பற்றரியைச் சைக்கிளில் கட்டும்வரை மாஸ்டர் வாசல் படலையில் நின்றார். அவர் போன பிறகும் நின்றார். வீட்டுக்குள் போகக் கூச்சமாக இருந்தது.

உள்ளே வந்தபோது சேலை முழுதாக விலகியிருந்தது. இலட்சுமிப்பிள்ளை வெளியே வந்து, கூடத்தின் நடுவில், அவருக்கு நேரே நின்றாள். மாஸ்டர் பதறிப்போய் இராசாத்தியைத் தேடினார். அவள் குசினியில் இருந்தாள். நடுவில் ஒருவரும் இல்லை.

"மாமி, அந்தக் கதைய நான்தான்…" என்று தொடங்கினார்.

"தெரியும். வேற ஆரு?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"பிழை விட்டுட்டன் மாமி."

அவள் அணைந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள்.

"அந்தப் பொலிஸ்காரன் கெதியாச் சிரிச்சிட்டான், முதல் அடியிலேயே. அப்பிடி இல்ல. அண்டைக்கு அவனுகள் கெதியில சிரிக்கல்ல. நான் அடிக்கிறன், அடிக்கிறன், பாத்துக்கொண்டே நிக்கிறானுகள். இவனுகள் சிரிச்சாத்தான் உங்கள விடுவானுகள் எண்டு எனக்கு விளங்கிட்டு. அதுதான் அந்த மாதிரி ஆடினன். அவனுகள் சிரிக்கிற வரைக்கும் அடிச்சன்."

மாஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டு கேக்க வேணும் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன். மருமகனோட எப்பிடிக் கதைக்கிற எண்டு விட்டுட்டன். இண்டைக்கு அந்தச் சேலை கட்டின ஆம்பிளை வந்து கேட்டிட்டான், நான் கேக்கல்ல." அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். "பலமாத்தான் அடிச்சிட்டன். நோகுதா மனே?"

மூன்று வருடத்துக்கு முந்திய அடி. முதுகில் இப்போது தழும்புகூட இல்லை.

"இல்ல, மாமி" என்றார். "நோகல்ல."

"அப்ப சரி" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள்போல மூச்சு விட்டாள். அறைக்குள் போய்ச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் குரல், வழக்கம்போல மகளுக்குச் சொல்வதாக, வந்தது.

"பிள்ள, மருமகன் தேத்தண்ணி குடிக்கல்ல. சுட வச்சுக் குடன்."